பையைப் பார்த்துக்கொண்டவர்

எங்கள் குடும்பம் எங்கே சுற்றுலா போனாலும் வாசல் வரைக்கும் எல்லாரும் போவோம். வாசலைத் தாண்டி ஒருவர் குறைவாகப் போவோம். குறைகிற அந்த ஒருவர் என் அக்காவின் கணவர். டிக்கெட் வாங்கும் வரை வரிசையில் எங்களோடு நிற்பார், பணம் கட்டுவார், மீதிச் சில்லறையை எண்ணி வாங்குவார். பிறகு ஒரு பெஞ்சைப் பார்த்துவிட்டு, கல்யாண வீட்டில் பந்திக்கு முந்தச் சொல்லும் பெரிய மனுஷன் மாதிரி கையை நீட்டிச் சொல்லுவார்: "நீங்க போயிட்டு வாங்க. நான் பையைப் பாத்துக்கிடுதேன்."

பையைப் பார்த்துக்கொள்ள அவருக்கு இணை உலகத்தில் கிடையாது. நாங்கள் குடியேறிய நியூசிலாந்தில், வைடோமோ குகைக்குள் மின்மினிப் புழுக்கள் நட்சத்திரம் போல் ஒளிர்வதைப் பார்க்க ஆக்லாந்திலிருந்து மெனக்கெட்டு வண்டி ஓட்டிப் போனவர், கார் நிறுத்துமிடத்தில் உட்கார்ந்து சீனத்துச் சுற்றுலாப் பேருந்துகள் வருவதையும் போவதையும் பார்த்தார். ரங்கிடோடோ தீவுக்கு ஃபெர்ரியில் வந்தவர், எரிமலை உச்சிக்கு நாங்கள் மூச்சு வாங்க ஏறியபோது படகுத்துறையில் எங்கள் ஜாக்கெட்டுகளைக் காவல் காத்தார். அந்தத் தீவில் அன்று ஜாக்கெட் திருடக்கூடியவர்கள் என்று பார்த்தால் இரண்டு கடற்புறாக்கள்தான் இருந்தன. கோயிலுக்குப் போனால் செருப்பு. ஆக்லாந்தின் ஒடாஹுஹு கடைத்தெருவில் நாங்கள் சேலைக்கடைக்குள் நுழைந்தால் கார். "பார்க்கிங் கிடைக்காது, வண்டியிலயே இருக்கேன்" என்பார், ஏற்கெனவே பார்க்கிங் கிடைத்து நின்றுகொண்டிருக்கும் வண்டிக்குள் உட்கார்ந்தபடி.

நான் அவருக்குக் கொழுந்தியாள். அத்தானைக் கேலி செய்கிற உரிமை கொழுந்தியாளுக்கு ஊர் எழுதிக் கொடுத்த சொத்து. அதை நான் ஒரு நாளும் தரிசு போட்டதில்லை. "அத்தான், நீங்க தாஜ்மகாலுக்குப் போனாலும் ஷாஜகான் செருப்பைத்தான் பாத்துட்டு இருப்பீங்க" என்றேன் ஒரு தடவை. அவர் கோபப்படவில்லை. "எல்லாரும் உள்ள போயிட்டா வெளிய யாரு இருக்கதாம் கொழுந்தியா?" என்று ரொம்பவும் அக்கறையாகக் கேட்டார். வெளியே எதற்கு ஒருவர் இருக்க வேண்டும் என்று திருப்பிக் கேட்க எனக்குத் தோன்றவில்லை. அப்படி ஒரு நியாயம் இருந்தது அந்தக் குரலில்.

சிரிக்காமல் இருந்தவள் அக்கா ஒருத்திதான். அவளுடைய கொடைக்கானல் தேனிலவு ஆல்பத்தை எங்கள் பாளையங்கோட்டை வீட்டில் வைத்திருக்கிறோம். குதிரை மேல் அக்கா தனியாக. தற்கொலைப் பாறையின் கம்பி வேலிக்குப் பக்கத்தில் அக்கா தனியாக. அந்த இடத்தின் பேரோடு சேர்த்துப் பார்த்தால் பகீரென்று இருக்கும். புது மாப்பிள்ளை எங்கே என்று கேட்டால், ஸ்வெட்டரும் தோள்பையும் பிடித்துக்கொண்டு வண்டிக்குப் பக்கத்தில் நின்றாராம். அதற்கப்புறம் இரண்டு பெண்கள் பிறந்து, நியூசிலாந்துக்கு வந்து, ஹென்டர்சனில் வீடு வாங்கி, வீட்டுக் கடனும் பாதி அடைந்துவிட்டது. ஏதாவது ஒரு இடத்துக்கு முன்னால் புருஷனும் பெண்டாட்டியுமாக நிற்கிற ஒரு படம் மட்டும் அக்காவுக்கு வாய்க்கவில்லை.

அத்தான் ஒரு மருத்துவமனையில் கம்ப்யூட்டர் பிரிவில் இருந்தார். அங்கே எந்தத் திரை கறுத்தாலும் அவருக்குத்தான் போன். வீட்டுக்கு வந்தால் பெரியவளுக்கு வைஃபை, சின்னவள் மீனுவுக்கு ஹோம்வொர்க், அக்காவுக்கு மேல் அலமாரியில் இருக்கிற டப்பா. ஊரிலிருந்து அப்பா அம்மா வந்திருந்தால் இன்னும் விசேஷம். அம்மாவுக்கு ரிமோட்டில் தமிழ் சேனல் வராது. அப்பாவுக்கு வாட்ஸ்அப்பில் வந்த செய்தி உண்மைதான் என்று யாராவது ஒப்புக்கொள்ள வேண்டும். கிளென்ஃபீல்டில் என் வீட்டிலிருந்து நான் வேறு, பிரிண்டர் காகிதத்தை விழுங்கிவிட்டது என்று கூப்பிடுவேன். "அத்தான்", "அப்பா", "மாப்ளே", "ஏங்க" என்று நாலு திசையிலிருந்தும் குரல் வரும். ஒவ்வொன்றுக்கும் "இந்தா வாரேன்" என்று எழுந்து போவார். முகம் சுளித்து நான் பார்த்ததில்லை.

காவலுக்கு உட்காருவதிலும் அவருக்கு ஒரு முறை இருந்தது. முதலில் நிழல், பிறகு முதுகுக்குச் சுவர். பெரிய பைகள் காலுக்கு அடியில், பெண்களின் கைப்பைகள் பக்கத்தில். கறுப்பாக ஒரு பை உண்டு, அதன் வாரை மட்டும் மணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொள்வார். அது பாஸ்போர்ட் பை; ரங்கிடோடோவுக்கு எதற்குப் பாஸ்போர்ட் என்று ஒருவரும் கேட்டதில்லை. அந்தப் பையை யாரும் தொடக்கூடாது என்பது குடும்பச் சட்டம். மீனு சின்னக் குழந்தையாக இருந்தபோது அதற்குள் பிஸ்கட் இருக்கிறதா என்று ஜிப்பை இழுத்தாள். அத்தான் பதறி, அவளைத் தூக்கிக்கொண்டு போய் டெய்ரி என்கிற தெருமுனைக் கடையில் ஐஸ்கிரீமே வாங்கிக் கொடுத்துவிட்டார். நாங்கள் சுற்றிவிட்டு வேர்த்து விறுவிறுத்து வெளியே வந்தால், "நல்லாருந்துச்சா?" என்று கேட்பார். முகம் அப்போதுதான் குளித்துவிட்டு வந்தது மாதிரி இருக்கும். வெயிலில் காவல் காத்த மனுஷனுக்கு முகம் எப்படி இவ்வளவு தெளிச்சியாக இருக்கிறது என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. படித்த குடும்பம்.

மாயா இடிபாடுகளைப் பார்க்க மெக்சிகோ போகலாம் என்ற யோசனை மீனுவின் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தது. அவள் அட்டையில் ஒரு பிரமிடு செய்தாள், செய்து முடித்ததும், "கேன் வீ ஸீ த ரியல் ஒன்?" என்றாள். எங்கள் வீட்டுப் பிள்ளைகள் ஒன்றைக் கேட்டால் அக்கா பத்து நாள் யோசிப்பாள். இதற்கு அன்றைக்கே சரி சொன்னாள். பிரமிடுக்கு முன்னால் தாத்தா பாட்டி, பேத்திகள், தங்கை, புருஷன் எல்லாரும் நிற்கிற படம் அவள் மனசில் ஏற்கெனவே சட்டம் போட்டு மாட்டப்பட்டுவிட்டது. "இந்தத் தடவை அவுகளை உள்ள கூட்டிட்டுப் போகலைன்னா நான் இனி எந்தப் படத்துக்கும் நிக்கப் போறதில்லட்டி" என்று என்னிடம் சொன்னாள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை, கண் கலங்கியிருந்தது.

அப்பாவுக்கும் அம்மாவுக்கும் இந்தியப் பாஸ்போர்ட். விமானம் மாறுவதற்காகக் கொஞ்ச நேரம் உட்காரப்போகிற அமெரிக்காவுக்கும் விசா வேண்டும் என்றார்கள். அதற்காக இருவரும் சென்னைக்குப் போய் வரிசையில் நின்று, கைரேகை கொடுத்து, அங்கேயே தங்கிவிடுகிற உத்தேசம் எதுவும் இல்லை என்று சத்தியம் செய்துவிட்டு வந்தார்கள். அந்த விசா ஒட்டிய பாஸ்போர்ட்டுகளை, ஆக்லாந்து வந்து இறங்கியதும், அம்மா மஞ்சள் துணியில் சுற்றி மாப்பிள்ளையிடம் ஒப்படைத்தாள். அவை கறுப்புப் பைக்குள் போயின. என் வீட்டுக்காரர் மட்டும் லீவு கிடைக்கவில்லை என்று சொல்லிவிட்டார். ஏழு பேர் மூன்று தலைமுறையாக ஒரே வேனில் போகப்போகிறோம் என்றதும் அவருக்கு லீவு கிடைக்காமல் போயிற்று.

மெக்சிகோவில் வேன் ஏறியதிலிருந்து அப்பா பேசிக்கொண்டே வந்தார். பொதுப்பணித் துறையில் ஓவர்சியராக இருந்து ஓய்வு பெற்றவர். சுண்ணாம்புச் சாந்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் கேட்பவர் காய்ந்து கெட்டிப்படும் வரை விடமாட்டார். மாயாக்காரர்கள் கடல் தாண்டிப் போன நம் ஆட்கள்தான் என்று அவருக்கு வாட்ஸ்அப்பில் ஆதாரம் வந்திருந்தது. பெரியவள் காதில் மாட்டிய ஹெட்போனைக் கழற்றவே இல்லை. வழியில் கடைக்காரன் கொடுத்த மக்காச்சோள ரொட்டியை அம்மா புரட்டிப் பார்த்துவிட்டு, "சப்பாத்தியை ஏன் இப்படி வெளிற வச்சிருக்கான்?" என்று கேட்டாள். எல்லாக் கேள்விகளும் கடைசியில் அத்தானிடம் போய்ச் சேர்ந்தன. "மாப்ளே, ஏசியைக் குறைக்கச் சொல்லுங்க." "அப்பா, இஸ் தேர் சிக்னல்?" "ஏங்க, தண்ணி." அவர் "இந்தா" என்றும் "இந்தா வாரேன்" என்றும் சொல்லிக்கொண்டே வந்தார்.

சிச்சென் இட்சா என்கிற பழைய மாயா நகரத்தின் வாசலில் வழக்கமான நாடகம் தொடங்கியது. நாங்கள் டிக்கெட் வரிசையில் நிற்கும்போதே அத்தான் மரநிழலில் ஒரு பெஞ்சைக் கண்டுபிடித்திருந்தார். பக்கத்தில் ஒரு மாயாப் பெண்மணி மேஜை போட்டு, ஊதினால் சிறுத்தை உறுமுகிற மர ஊதல் விற்றுக்கொண்டிருந்தாள். நான் திரும்பிப் பார்ப்பதற்குள் அவர் எங்கிருந்தோ ஒரு பிடி வறுகடலையை எடுத்து அவளுக்கு நீட்டி, அவளும் தின்று தலையாட்டி, இருவரும் ஒரே தெருக்காரர்கள் போல ஆகிவிட்டிருந்தார்கள். டிக்கெட்டோடு போனதும், "நீங்க போயிட்டு" என்று ஆரம்பித்தார்.

"இன்னிக்கு நீங்க உள்ள வாறீங்க" என்றாள் அக்கா.

"பை?"

"நான் இருக்கேன் மாப்ளே" என்றாள் அம்மா. "இந்த வெயிலுக்கு என் முட்டி ஒத்துக்கிடாது. கல்லை நான் நம்மூர்லயே நெறய பாத்தாச்சு. நீங்க போங்க."

அத்தான் ஒவ்வொரு பையாக ஒப்படைத்தார். கறுப்புப் பையை மட்டும் விடவில்லை. "அத்த, இது கனம்" என்றார். "குடுங்க, உள்ள என்ன வைரமா வச்சிருக்கீங்க?" என்று அம்மா வாரை மணிக்கட்டிலிருந்து அவிழ்த்தே வாங்கிவிட்டாள். பள்ளிக்கூடத்தில் முதல் நாள் விடப்பட்ட பிள்ளை மாதிரி அவர் இரண்டு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டு உள்ளே வந்தார்.

உள்ளே அவருக்குக் கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. பேண்ட் பைக்குள் விட்டார், பின்னால் கட்டினார், கடைசியில் மீனுவின் தொப்பியை வாங்கிப் பிடித்துக்கொண்டார். அந்தப் பிரமிடின் படிகளுக்கு முன்னால் நின்று கைதட்டினால் மேலேயிருந்து ஒரு பறவை கூவுவது மாதிரி எதிரொலி வரும். ஊர்பேர் தெரியாத கூட்டமெல்லாம் கைதட்டிக்கொண்டிருந்தது. "தட்டுங்க" என்றாள் அக்கா. கூச்சப்பட்டுக்கொண்டு ஒரு தட்டுத் தட்டினார். கல் திரும்பக் கூவியது. அத்தானுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இன்னொரு தடவை தட்டினார். அக்கா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிரமிடைப் பார்க்க வந்தவள் அதை அவ்வளவாகப் பார்க்கவில்லை.

படம் நான்தான் எடுத்தேன். அத்தான் விசா போட்டோவுக்கு நிற்பது போல நின்றார். அக்கா அவர் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். பின்னால் அப்பா ஒரு அமெரிக்கத் தம்பதிக்குச் சாந்தைப் பற்றித் தமிழில் விளக்கிக்கொண்டிருப்பதும் அதில் விழுந்திருக்கிறது.

வெளியே வந்தபோது அம்மா பெஞ்சுக்கு முன்னால் வெறுங்கையோடு நின்றாள். பெஞ்ச் காலி.

"ரெண்டு நிமிசந்தான்ட்டி. பாத்ரூம் போயிட்டு வாரேன், காணோம்" என்றாள்.

அக்காவுக்கு முகம் வெளுத்துவிட்டது. ஏழு பேர் பாஸ்போர்ட்டையும் ஒரே பையில் போட்டு, அந்தப் பையை ஒரே ஆளிடம் கொடுத்து, அதற்குப் பேர் பாதுகாப்பு என்று சொல்லிக்கொள்கிற குடும்பம் எங்களுடையது. அமெரிக்க விசா போச்சு, ஊருக்குத் திரும்புகிற வழி போச்சு என்று அப்பா தலையில் கை வைத்துக்கொண்டு அதே பெஞ்சில் உட்கார்ந்தார். பெரியவள் முதல் தடவையாக ஹெட்போனைக் கழற்றினாள். "உங்களை நான் கூட்டிட்டுப் போனதால வந்த வினை" என்று அக்கா அழ ஆரம்பித்தாள். "என் ஆசை ஒரு ஆசை. ஒரு போட்டோவுக்குப் போயி..."

அத்தான் மட்டும் பதறவில்லை. "ஏளா, அழாத" என்றார். சட்டையைக் கொஞ்சம் தூக்கினார். இடுப்பில் தட்டையாக ஒரு துணிப்பட்டை. அதன் ஜிப்பைத் திறந்து ஏழு பாஸ்போர்ட்டையும் சீட்டுக்கட்டு போல எடுத்துக் காட்டினார். மஞ்சள் துணிகூட மடித்தபடி இருந்தது. "வெளிய அலையும்போது பாஸ்போர்ட்டைப் பையில வைக்கிற முட்டாளா நான்?"

அம்மா கையெடுத்துக் கும்பிட்டாள். அப்பா எழுந்து மாப்பிள்ளையின் தோளைத் தட்டினார். அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். துடைத்த கை பாதியில் நின்றது.

"எப்பவுமே இடுப்புலதானா?"

"ஆமா. எப்பவுமே."

"அப்ப இத்தன வருசமா எதுக்குப் பையைப் பாத்துக்கிட்டு வெளிய உக்காந்தீங்க?"

மருத்துவமனைக் கம்ப்யூட்டர் அத்தனைக்கும் பதில் சொல்கிறவர் சட்டையை இழுத்து இடுப்புப் பட்டையை மூடினார். அந்த நேரம் பார்த்து ஊதல் விற்கிற பெண்மணி ஒரு உறுமல் ஊதிக் கையை ஆட்டினாள். ஆளில்லாமல் கிடந்த பைகளைக் காவலாளி தூக்கிக்கொண்டு போகப் பார்த்தானாம். அவள் தடுத்து, எல்லாவற்றையும் தன் மேஜைக்கு அடியில் தள்ளி வைத்திருக்கிறாள். கையாலும் கண்ணாலும் அவள் சொன்னது எங்கள் எல்லாருக்கும் புரிந்தது. கடலை கொடுத்தவருடைய பை என்று கறுப்புப் பையைத்தான் முதலில் நீட்டினாள். அத்தான் கை நீட்டுவதற்குள் அக்கா வாங்கி ஜிப்பை இழுத்தாள்.

காற்று நிரப்புகிற கழுத்துத் தலையணை ஒன்று. கண்ணை மூடுகிற கறுப்புத் துணிப்பட்டை. காதில் அடைக்கிற பஞ்சு. சின்ன பிளாஸ்க். ஊரிலிருந்து அம்மா கொண்டுவந்து, காணோம் என்று எங்கள் வீடு முழுக்கத் தேடிய வார இதழ். ஒரு டப்பா வறுகடலை.

மீனு எட்டிப் பார்த்துவிட்டு, "அப்பா, இஸ் திஸ் யுவர் பெட்?" என்றாள்.

நான் சிரித்துவிட்டேன். அடக்க முடியவில்லை. வைடோமோவும் ரங்கிடோடோவும் சேலைக்கடையும் வரிசையாக ஞாபகம் வந்தன. அக்கா சிரிக்கவில்லை. பையை மூடி அவர் கையில் கொடுத்துவிட்டு வேனில் ஏறினாள். திட்டியிருந்தால் அவர் பிழைத்திருப்பார். ஓட்டலுக்குப் போகிற வழி முழுக்க அவள் போனில் அந்தக் கைபிடித்த படத்தைப் பார்த்துக்கொண்டு வந்தாள். பாதி வழியில் அதையும் அணைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். நான் பின் சீட்டில் இருந்தேன். அத்தான் மெதுவாகச் சொன்னது என் காதில் விழுந்தது.

"உன்ன விட்டுட்டு உக்காரணும்னு இல்லளா. அந்த ஒரு மணி நேரந்தான் ஒருத்தரும் கூப்பிட மாட்டாக. பையைப் பாத்துக்கிடுதேன்னு சொன்னா யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாகல்லா. அதான்."

முன் சீட்டிலிருந்து அப்பா, "மாப்ளே, இந்த ஏசி" என்று ஆரம்பித்தார். நான் பின்னாலிருந்தே கைகாட்டி அவரை அடக்கினேன்.

மறுநாள் போனது காட்டுக்குள் ஒரு சின்ன இடம். கூட்டம் இல்லை, கல் மேல் உடும்பு மாதிரிப் பெரிய ஓணான்கள் வெயில் காய்ந்தன, அங்கே பிரமிடில் ஏறவும் விடுவார்கள். இனி பை பக்கமே போகமாட்டேன் என்று அம்மா முட்டியில் தைலம் தடவிக்கொண்டு முதல் ஆளாகத் தயாரானாள். அத்தான் கறுப்புப் பையை வேனிலேயே வைத்துவிட்டு, சொல்லாமல் கொள்ளாமல் வரிசையின் முன்னால் போய் நின்றார். முகத்தைப் பார்த்தால் பிரமிடில் ஏற வந்தவர் மாதிரி இல்லை, தீக்குழி இறங்க வந்தவர் மாதிரி இருந்தது.

அக்கா வேனுக்குத் திரும்பிப் போனாள். கறுப்புப் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு வந்து, வாசலருகே இருந்த மரப்பெஞ்சில் உட்கார்ந்தாள். நிழல் பார்த்தாள், முதுகுக்குச் சுவர் பார்த்தாள். எங்கள் கையிலிருந்த பைகளை ஒவ்வொன்றாக வாங்கிக் காலுக்கு அடியில் வைத்தாள்.

"நீங்க போயிட்டு வாங்க" என்றாள். "நான் பையைப் பாத்துக்கிடுதேன்."

"ஏட்டி, நீதான அவ்வளவு ஆசைப்பட்ட" என்றாள் அம்மா. "அம்மா, ஹூ வில் டேக் மை போட்டோ?" என்றாள் பெரியவள். "தண்ணி பாட்டில் எங்கம்மா?" என்றார் அப்பா. மூன்று குரலும் ஒரே நேரத்தில் அக்காவைப் பார்த்துத்தான் வந்தன. அவள் கறுப்புப் பையின் ஜிப்பை இழுத்தாள். தலையணையை எடுத்து ஊத ஆரம்பித்தாள்.

அத்தான் வாசலுக்கு உள்ளே ஒரு காலும் வெளியே ஒரு காலுமாக நின்றார். மீனு கையைப் பிடித்து இழுத்தாள். அவள் தலையைத் தடவிவிட்டு, தன் டிக்கெட்டை என்னிடம் நீட்டினார். பெஞ்சின் மறுமுனையில் போய் உட்கார்ந்தார். இருவருக்கும் நடுவில் பைகள். அக்கா அவர் பக்கம் திரும்பவில்லை. நாங்கள் உள்ளே போனோம்.

ஏறினோம், இறங்கினோம். அப்பா ஒவ்வொரு இணைப்பையும் விரலால் தடவிப் பார்த்துச் சான்றிதழ் கொடுத்தார். நான் பிரமிடைப் பார்த்தேனா, பெஞ்சில் என்ன நடக்கிறதோ என்று நினைத்துக்கொண்டிருந்தேனா என்று கேட்டால் எனக்கே தெரியாது. இத்தனை வருஷமும் அத்தானுக்குத்தான் ஒளிந்துகொள்ள ஒரு இடம் இருந்தது, அக்காவுக்கு அதுவும் இல்லை என்பது அந்தப் படிகளில் இறங்கும்போதுதான் எனக்கு உறைத்தது. மனசுக்குக் கஷ்டமாக இருந்தது.

இப்போது அவர்கள் பிரிஸ்பேனுக்குக் குடிபெயர்ந்துவிட்டார்கள். ஆக்லாந்தில் எங்காவது வாசலில் நின்று பையைத் தோளிலிருந்து இறக்கினால், கொடுக்க ஆள் இல்லாமல் திரும்ப மாட்டிக்கொள்கிறேன். பிரிஸ்பேன் வீட்டு ஹாலில் மாயா பயணத்தின் படம் ஒன்றே ஒன்றுதான் மாட்டியிருக்கிறது. அது கைபிடித்து நிற்கிற படம் இல்லை. நாங்கள் வெளியே வந்தபோது மீனு எடுத்தது.

அன்று வந்து பார்த்தால், அக்கா தூங்கிக்கொண்டிருந்தாள். கழுத்தில் தலையணை, கண்ணில் கறுப்புப் பட்டை, காதில் பஞ்சு. வாய் லேசாகத் திறந்திருந்தது. பைகளெல்லாம் கீழே தள்ளப்பட்டிருந்தன. நடுவில் ஒன்றும் இல்லை. அவள் தலை அத்தானின் தோளில் இருந்தது. அவர் அசையாமல் உட்கார்ந்து, வார இதழை மடித்து அவள் முகத்துக்கு நேராக விசிறிக்கொண்டிருந்தார். ஒரு கைப்பை அவர் காலடியிலிருந்து உருண்டு வெயிலில் கிடந்தது. அவர் கவனிக்கவே இல்லை.

அம்மா, "ஏட்டி" என்று கூப்பிட வாயெடுத்தாள். அத்தான் உதட்டில் விரலை வைத்தார்.

"சத்தம் போடாதீங்க. இப்பதான் தூங்குதா" என்று ரகசியமாகச் சொன்னார். "இன்னொரு சுத்து போயிட்டு வாங்க. நான் பாத்துக்கிடுதேன்."

அந்த வெயிலில் நாங்கள் ஐந்து பேரும் திரும்ப உள்ளே போனோம். அப்பா சாந்தை முதலிலிருந்து ஆரம்பித்தார்.